யார் வீட்டு நாய்?

1860ஆம் ஆண்டு நாய்களைக் குறித்து இந்த நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது. தன் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதன் 289ஆம் பிரிவு சொன்னது. அதே 1860-ல்தான் மதராஸ் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது என்று ப்ளூ கிராஸ் விலங்குநல அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். சட்டம், நாய்க்குரியவரைக் கேள்வி கேட்டது. மாநகராட்சி, உரியவர் என்று எவரும் முன்வராத நாயைக் கொன்றது. அடுத்த 136 வருஷம் இந்த ஊர் கொல்வதை விடாமல் செய்தது. கேள்வி கேட்பதற்கான பிரிவை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே.

நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றேன். பல வருஷம் நாய்க்கடி ஊசி போடும் அறையில் வேலை. பெயர், வயது, விலாசம், உடம்பில் கடித்த இடம் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு ஒரு கேள்வி கேட்போம்: "யார் வீட்டு நாய்?" சிகிச்சைக்குத் தேவையான கேள்விதான் அது. கடித்தது தெரிந்த நாயாக இருந்தால், ஊசியை ஆரம்பித்துவிட்டு, பத்து நாள் நாயைக் கவனிக்கச் சொல்வோம். கடித்தபோதே நோயைப் பரப்பும் நிலையில் இருந்த நாய் அந்தப் பத்து நாளுக்குள் செத்துப்போகும். பத்து நாள் கழித்தும் அது நல்லபடியாக நடமாடினால் அந்தக் கடியால் ரேபிஸ் வராது.

நேரான பதில் அபூர்வமாகத்தான் வரும். "தெரு நாய்தான் சிஸ்டர், ஆனா எங்க தெரு நாய்" என்பார் ஒருவர். "எதிர்வீட்டு அக்கா தினம் சோறு வைப்பாங்க. போய்க் கேட்டா, அது என் நாய் இல்லன்றாங்க" என்பார் இன்னொருவர். "கறிக்கடை வாசல்லயே படுத்திருக்கும், கடைக்காரர் எலும்பு போடுவாரு" என்பார் மூன்றாமவர். நாய்க்குச் சோறு போட ஆள் இருக்கிறது, அது கடித்தால் முன்வர ஆள் இல்லை. நாய்க்கடிச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று அந்த அறையில் உட்கார்ந்தே நினைக்கத் தொடங்கினேன். ஓய்வுபெற்ற பிறகு இந்த ஊர் நாய்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது அந்த எண்ணம் உறுதிப்பட்டது.

நம் ஊர்களில் நாய்க்குப் பெயரும் வேலையும் சொந்தக்காரரும் இருந்ததற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. தொறுப்பூசலில், அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில், உயிர்விட்ட வீரனுக்கு நட்ட கல். அதில் வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. கடிப்பது கோவிவனுக்கு வேலை. யாரைக் கடிக்க வேண்டும், யாரைக் கண்டால் வாலாட்ட வேண்டும் என்று பழக்கிய மனிதன் அதன் பக்கத்தில் இருந்தான். நகரம் வளர்ந்தபோது மந்தையும் பட்டியும் போயின, நாயைப் பழக்கிய மனிதனும் போய்விட்டான். நாய் தங்கிவிட்டது. நகரத்துக் குப்பை அதற்குச் சோறு போட்டது.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தெருநாய் என்றால் வெறிநாய்க்கடி பயம். அதற்கு அவர்கள் கண்ட வழி கொலை. பம்பாயில் 1813-லேயே இதற்கு விதி வந்துவிட்டது: ஏப்ரல் 15 முதல் மே 15 வரை, செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை தெருநாய்களைக் கொல்லலாம். 1832-ல் கோடைக் கெடுவை ஜூன் 15 வரை நீட்டினார்கள். கொன்ற நாய் ஒன்றுக்கு எட்டணா கூலி. எட்டணாவுக்கு ஆசைப்பட்ட ஆட்கள் வீட்டு வாசலில் படுத்திருந்த நாய்களையும் இழுத்துப் போனார்கள். நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் ஜூன் 6 அன்று திரண்டு எதிர்த்தார்கள். மறுநாள் கடைகள் அடைபட்டன, கோட்டைக்குள் இருந்த பட்டாளத்துக்குப் போக வேண்டிய ரொட்டியும் தண்ணீரும்கூடத் தடைபட்டன. இரண்டு வருஷத்தில், 1834-ல், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் மோதிசந்த் அமிசந்தும் முன்னின்று பம்பாயில் பாஞ்சராபோல் என்ற விலங்குக் காப்பகத்தைத் தொடங்கினார்கள்.

தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் பிடிப்பவன் எந்த நாயைப் பிடிப்பான்? கூப்பிட்டால் கிட்டே வரும் நாயைத்தான். அது மனிதர்களோடு பழகிய, யாரையும் கடிக்காத நாய். ஆளைக் கண்டதும் ஓடி ஒளிகிறதும், பாய்ந்து கடிக்கிறதும் தப்பித்துவிடும். கூலி முறை ஒழிந்து மாதச் சம்பளம் வந்த பிறகும் இது மாறவில்லை. இதை நான் புளியந்தோப்பில் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

எங்கள் பேட்டையின் அடையாளமே ஆடு அறுக்கும் ஆடுதொட்டிதான். விடியற்காலை அறுப்பு முடிந்ததும் கழிவு வெளியே வரும். அதற்காகக் காத்திருக்கும் நாய்களைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். பெரிய பையன்கள் கையில் குச்சி வைத்திருப்பார்கள். சிறுமிகளான நாங்கள் அவர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவோம். எழுபதுகளின் தொடக்கம் அது. பேசின் பிரிட்ஜ் பக்கம் இருந்த கார்ப்பரேஷன் நாய்க் கூடத்திலிருந்து வண்டி வரும். "நாய் வண்டி வருது" என்று யாராவது கத்தினால் போதும், பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து வாசலில் கிடக்கும் நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். கழுத்துப் பட்டையில் லைசென்ஸ் வில்லை இருந்தால் பிடிக்க மாட்டார்கள். பங்களா நாய்களுக்கு வில்லை இருந்தது. எங்கள் சந்தில் எந்த நாய்க்கும் இல்லை. வண்டியில் வந்தவர்கள் நீண்ட இரும்பு இடுக்கியால் நாயின் கழுத்தைக் கவ்வித் தூக்கிக் கூண்டுக்குள் தள்ளுவார்கள். அதுவரை ஊளையிட்ட நாய் உள்ளே போனதும் வாயடைத்துப்போய் மூலையில் ஒடுங்கும். பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள்.

1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இதைத் தடுக்கவில்லை. தெருநாய்களைக் கொல்கூடங்களில் கொல்வதற்கு அதன் 11ஆம் பிரிவே விலக்கு அளித்தது. எழுபதுகளில் சென்னையில் கொல்லப்பட்ட நாய்கள் எவ்வளவு அதிகம் என்றால், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாய்த் தோலில் கழுத்து டையும் பர்ஸும் செய்வதற்கு மாதிரிகள் உருவாக்கியது என்கிறார் சின்னி கிருஷ்ணா. 1995-ல் ஒரே நாளில் 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்றும் அவர் கணக்குச் சொல்கிறார்.

இவ்வளவு கொன்றும் நாய்கள் குறையவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்க முடியும் என்பதை அந்தத் தெருவின் குப்பையும் கறிக்கடையும் டீக்கடையும் தீர்மானிக்கின்றன. இருக்கிற நாய்கள் வெளிநாயை உள்ளே விடாது. அவற்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் சாப்பாடு அப்படியே இருக்கும், காவல் இருக்காது. பக்கத்துத் தெரு நாய்கள் வந்து நிரப்பிக்கொள்ளும். பெண் நாய் வருஷத்துக்கு இரண்டு ஈடு வரை குட்டி போடும், சாப்பாட்டுக்குப் போட்டி இல்லாததால் குட்டிகள் அதிகமாகப் பிழைக்கும். புதிதாக வந்த நாய்கள் இடத்துக்காக ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். வெறிநோய் கடி மூலம் பரவுவது. ஆகவே கொன்று காலியாக்கிய தெருவில் நோய் பரவ வழி இன்னும் அதிகம்.

தெருநாய்களைக் கொன்றுகொண்டிருந்த இதே காலத்தில் நாய்க்கடிக்கு மருந்து வந்த கதையும் நம் ஊரோடு சம்பந்தப்பட்டது. லூயி பாஸ்டர் பாரிஸில் முதல் சிறுவனுக்கு ஊசி போட்டது 1885 ஜூலை 6. இந்தியாவில் 1900-ல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. தெற்கே கடிபட்டவர்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் நாள்கள் ஓடிவிடும். ரேபிஸ் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல ஊர்ந்து போவது. காலில் கடித்தால் அவகாசம் உண்டு, முகத்தில் கடித்தால் இல்லை. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் ரேபிஸால் இறந்தார். அந்தச் சாவு தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரலைப் பலமாக்கியது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு இதற்கு ஒதுக்கப்பட்டது. 1907-ல் நீலகிரி குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. முதலில் கடிபட்டவர்கள் மலையேறிப் போனார்கள், பிறகு மருந்து மலையிறங்கி வந்தது.

அந்த மருந்துதான் என் தலைமுறைக்குத் தெரிந்த "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி". டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் 1911-ல் கசௌலியில் உருவாக்கியது. ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் அதைச் செயலிழக்க வைத்துச் செய்த மருந்து. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கண்ணாடி சிரிஞ்சும், திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்த ஊசியும்தான். அதற்குமுன் எத்தனையோ பேருக்குப் போட்டு முனை மழுங்கியிருக்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து உள்ளே இறக்கினால் மருந்து போன இடம் நெல்லிக்காய் அளவு வீங்கும். மறுநாள் அந்த வீக்கத்தைத் தவிர்த்து வேறு இடம் பார்க்க வேண்டும். பத்தாவது நாளுக்குள் வயிற்றில் இடமே இருக்காது. குழந்தைகளை மூன்று பேர் பிடித்துக்கொள்வார்கள். கூலிக்காரர்கள் பலர் ஏழெட்டு ஊசிக்குமேல் வர மாட்டார்கள். அரை நாள் கூலி போய்விடும். ஆட்டு மூளைச் சத்து கலந்த மருந்து என்பதால் சிலருக்கு நரம்புத் தளர்ச்சி, அபூர்வமாகப் பக்கவாதம்கூட வரும்.

எண்பதுகளிலேயே கையில் போடும் நல்ல ஊசி வந்துவிட்டது. தனியார் மருந்துக் கடையில் விலை கொடுத்து வாங்கினால் ஐந்து ஊசி, வலியும் குறைவு. வாங்க முடிந்தவருக்குக் கையில் ஐந்து, முடியாதவருக்கு வயிற்றில் பதினாலு. ஒரே தெருவில் ஒரே நாய் கடித்த இருவருக்கு இப்படி இரண்டு விதம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். இருபது வருஷத்துக்குமேல் நீடித்த அந்த அநியாயம் 2004 கடைசியில் முடிந்தது. ஆட்டு மூளை மருந்தின் தயாரிப்பை அரசு நிறுத்தியது. 2006-ல் தோலுக்குள் கொஞ்சமாகப் போடும் முறைக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு தோளிலும் 0.1 மில்லி வீதம், நான்கு தடவை. ஒரு குப்பி பலருக்குப் போதும் என்பதால் எல்லோருக்கும் இலவசமாக நல்ல மருந்து கொடுக்க முடிந்தது.

மருந்து வந்தும் சாவு நிற்கவில்லை என்பதற்குக் காரணம், மருந்துக்கு முன் நடக்கிறவை. கடித்த இடத்தில் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், மஞ்சள் என்று எதையாவது அப்பிக்கொண்டு வருவார்கள். அதையெல்லாம் முதலில் கழுவ வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம். ஐந்து வயதுக் குழந்தைக்குக் கன்னத்தில் கடி என்றால் அந்தப் பதினைந்து நிமிஷம் மிக நீளமானது. பெரியவர்களுக்குக் காலில் படுகிற கடி குழந்தைகளுக்கு முகத்தில் படும். நாயின் வாய் இருக்கும் உயரத்தில்தான் அவர்கள் முகம் இருக்கிறது. முகத்துக் கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் செலுத்த வேண்டும். கண்ணுக்குக் கீழே ஊசி இறங்கும்போது தாய்மார் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போது குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பது நாங்கள்தான்.

நோய் முற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். தம்ளரில் தண்ணீர் கொடுத்தால் தொண்டை இழுத்துக்கொள்ளும். ஃபேன் காற்று பட்டாலே உடம்பு தூக்கிப்போடும். பேச்சும் நினைவும் கடைசி நேரம் நெருங்கும்வரை பெரும்பாலும் தெளிவாக இருக்கும், அதுதான் கொடுமை. அப்படி வந்தவர்களைத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்புவோம். பிழைத்துத் திரும்பியவர் என்று எனக்கு எவரையும் தெரியாது. நாய்க்கடியைப் பற்றிப் பேசுகிறவர்கள், நாய் மேல் அன்புள்ளவர்களும் சரி, நாயை வெறுப்பவர்களும் சரி, இந்தச் சாவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

கொலைக்கு மாற்று யோசனை இந்தச் சென்னையிலிருந்துதான் கிளம்பியது. கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி 1959-ல் ப்ளூ கிராஸை நிறுவினார். அவர் மகன்தான் சின்னி கிருஷ்ணா, தொழிலால் பொறியாளர். நூறு வருஷமாகக் கொன்றும் குறையவில்லையே என்று கணக்குப் பார்த்த அவர்கள், பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட்டுவிடலாம் என்று 1964 முதல் மாநகராட்சியிடம் சொல்லிவந்தார்கள். மாநகராட்சி இசைவதற்கு முப்பது வருஷத்துக்குமேல் ஆயிற்று. ஆணையர் அபுல் ஹசன் காலத்தில் தென்சென்னையின் சில பகுதிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 1996 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி கொல்வதை நிறுத்திக் கருத்தடைத் திட்டத்துக்கு மாறியது. 2001-ல் மத்திய அரசு இதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. அறுவை முடிந்த நாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு.

பலன் தெரிந்தது. சென்னையில் 1996-ல் 120 ஆக இருந்த ரேபிஸ் சாவு 2007-ல் 5 ஆகக் குறைந்தது என்று ப்ளூ கிராஸ் கணக்குத் தருகிறது. நல்ல ஊசி எல்லோருக்கும் கிடைத்ததற்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் அறையில் கடிபட்டு வருகிறவர்களின் வரிசை குறைந்துவிடவில்லை, ஆனால் தண்டையார்பேட்டைக்கு அனுப்ப வேண்டிய கேஸ்கள் அபூர்வமாயின. பிறகு நகரம் விரிந்தது, 2011-ல் புறநகர்கள் மாநகராட்சியோடு சேர்ந்தன, அறுவைக்கூடங்கள் அந்த வேகத்தில் கூடவில்லை. 2018-ல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 57,000 தெருநாய்கள். 2024 கணக்கில் 1.81 லட்சம். அவற்றில் கருத்தடை ஆனவை கால்பங்குக்குச் சற்று அதிகம். நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. தமிழ்நாட்டில் 2024-ல் நாய்க்கடி சுமார் 4.8 லட்சம், ரேபிஸ் சாவு 43. கொல்வதை நிறுத்தியது சரியான முடிவு. அதற்குப் பதிலாகச் செய்ய ஒப்புக்கொண்டதை முழுசாகச் செய்யாதது பெரும் தவறு.

பாதிப்பு மனிதர்களோடு நிற்பதில்லை. திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நாய்க்கூட்டம் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகிறது. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் போராடிய பிறகுதான் இழப்பீடு என்ற பேச்சு வந்தது. நகரத்தில் வேறு மாதிரி. கல்லூரிப் பெண் ஒருத்தி இரண்டு முன்னங்கைகளிலும் கிழிசலோடு வந்தாள். தன் சின்ன நாயை நடத்திக்கொண்டு போனபோது நான்கைந்து தெருநாய்கள் சூழ்ந்திருக்கின்றன. அதைத் தூக்கி மார்போடு அணைத்திருக்கிறாள். பாய்ந்த நாய்களின் பல் இவள் கையில். "என் குட்டிக்கு ஒண்ணும் ஆகலைல்ல சிஸ்டர்?" என்பதுதான் அவள் முதலில் கேட்டது. வளர்த்த நாயைக் காப்பாற்றப் போய்க் கடிபட்டவர்கள், குறிப்பாக வயதானவர்கள், நிறையப் பேர் வருவார்கள். இவர்களை நாய் விரோதிகள் என்று யாராவது சொல்ல முடியுமா?

அதேபோல், கடிக்கிறதெல்லாம் தெருநாய்தான் என்பதும் பொய். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அவை தெருநாய்கள் அல்ல, வீட்டில் வளர்த்தவை. கயிறு இல்லாமல் வெளியே வந்தவை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 12 அன்று, 23 இன நாய்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கை நீதிமன்றங்களில் சிக்கிக்கொண்டது. இனத்தின் பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நாயைப் பிடித்திருக்கும் கையில் கயிறு இருந்ததா, வாய்க்கூடு இருந்ததா, லைசென்ஸ் இருந்ததா என்பது. நான் மேலே சொன்ன 289ஆம் பிரிவு இன்றைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 291 ஆகியிருக்கிறது. ஆறு மாதச் சிறை அப்படியே, அபராதம் 5,000 ரூபாய் வரை. ஆனால் எங்கள் நோட்டில் "வளர்ப்பு நாய்" என்று எழுதியவர்களில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவர்கள் மிகக் குறைவு. "பக்கத்து வீடு சிஸ்டர், தினம் முகத்துல முழிக்கணும்" என்பார்கள். நாய்க்காரர் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேசிவிடுவார். அதே நாய் அடுத்த மாதம் வேறொருவரைக் கடிக்கும்.

2025-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கையில் எடுத்தது. ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது ஓர் அமர்வு. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களைப் பழைய இடத்தில் விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, திரும்ப அங்கே விடக்கூடாது என்று உத்தரவிட்டது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பிரசவித்த பெண்களுக்குப் பக்கத்தில் நாய் படுத்திருப்பதைப் பார்த்தவள் என்ற முறையில் அந்தக் கடைசி உத்தரவை மனமார வரவேற்கிறேன். அகற்றிய நாயை எங்கே வைப்பது, யார் சோறு போடுவது, யார் செலவு செய்வது என்பதற்கும் அதே உறுதியோடு பதில் வேண்டும். இடமும் ஆளும் பணமும் இல்லாத காப்பகம் பழைய பேசின் பிரிட்ஜ் கூடமாகத்தான் முடியும். அங்கே சாவு உடனே வந்தது, இங்கே மெல்ல வரும்.

என் நிலைப்பாடு இது. தெருநாய்க்குச் சோறு வைப்பது நல்ல மனசு. தினமும் சோறு வைக்கிறவர், அந்த நாயைக் கருத்தடைக்கும் வருஷாந்தர ஊசிக்கும் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நாய் பழகியிருப்பது அவரிடம்தான், வலை இல்லாமல் அதைத் தொடக்கூடியவர் அவர் ஒருவர்தான். குழந்தைகள் விளையாடும் இடத்திலும், வயதானவர்கள் நடமாடும் வழியிலும் சோறு வைக்கக்கூடாது என்பது நாய்க் கருத்தடைக்கான 2023 விதிகளிலேயே இருக்கிறது. அதைச் சொல்கிறவரை மிருக விரோதி என்று ஏசக்கூடாது. திரும்பத் திரும்பக் கடிக்கும் நாயைத் தெருவில் வைத்திருக்கக்கூடாது. மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்கு வருகிற புகாரை, கடித்த நாய் எது, அதன் காதில் வெட்டு இருக்கிறதா, கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று வார்டு வாரியாக எழுதிவைக்க வேண்டும். வீட்டில் வளர்க்கிறவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும், கயிறில்லாமல் வெளியே விடக்கூடாது. அவர் நாய் கடித்தால், பக்கத்து வீடாக இருந்தாலும் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். சமாதானம் பேசுவதால் அடுத்த குழந்தைக்குப் பாதுகாப்புக் கிடைக்காது.

மாநகராட்சியின் பங்கு இதையெல்லாம்விடப் பெரியது. கறிக்கடைக் கழிவையும் ஓட்டல் எச்சிலையும் அன்றன்றே அள்ள வேண்டும். பத்து நாயில் ஏழுக்கு ஒவ்வொரு வருஷமும் தவறாமல் ஊசி போட வேண்டும். இதற்கு வேண்டிய மருத்துவர்களையும் நாய் பிடிப்பவர்களையும் நிரந்தர வேலையில் அமர்த்தி, மரியாதையான சம்பளம் கொடுக்க வேண்டும். கொல்வதற்கு இந்த ஊர் 136 வருஷம் தடையில்லாமல் பணமும் ஆளும் கொடுத்தது. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் முப்பது வருஷமாக அரைகுறையாகத்தான் கொடுத்துவருகிறது. அரைகுறையாகக் கொடுத்த காலத்திலேயே ரேபிஸ் சாவு நூற்றிருபதிலிருந்து ஐந்துக்கு இறங்கியது என்றால், முழுசாகக் கொடுத்தால் அதைச் சுழியமாக்க முடியும். அந்தச் செலவை வார்டு கூட்டத்தில் கேட்டு வாங்குவது நாய் வளர்ப்பவர், நாய்க்குப் பயப்படுபவர் இருவரின் வேலையும்தான்.